பலூன் ஃபைட் மெட்டைப் போட்டவர் யார்? ஹிப் தனாகாவும் அந்தக் கால ஒலி நிரலாளர் வேலையும்

கேசட்டுப்பெட்டி | மதுரை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே போடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்ற நம்பிக்கைதான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் டிவி கேம் இருந்தது. மஞ்சள் கேசட், அதன் மேல் பெரிய எண் போட்டு "இன் 1" என்று ஒட்டியிருக்கும். அதில் பலூன் ஃபைட் என்று ஒரு ஆட்டம். முதுகில் இரண்டு பலூனைக் கட்டிக்கொண்டு ஒருவன் கையை அடித்து அடித்துப் பறப்பான். மெனுவில் மூன்றாவதாக பலூன் ட்ரிப் இருக்கும். மின்னல் பொறிகளுக்கு நடுவே பறந்துகொண்டே பலூன் பொறுக்க வேண்டும். அப்போது ஓடும் மெட்டு இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது என் வாயில் வருகிறது.

போன வாரம்தான் அதைப் போட்டவர் பெயரைத் தேடினேன். ஹிரோகாசு தனாகா. ஆட்டங்களின் பெயர்ப் பட்டியலில் ஹிப் தனாகா என்று வரும். 1957-ல் கியோட்டோவில் பிறந்தவர். மின்னணுவியல் படித்துவிட்டு 1980-ல் நின்டெண்டோ என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். சேர்ந்தது இசையமைக்க இல்லை, ஒலிக்கான பொறியாளராக. டக் ஹன்ட், அதாவது நாம் துப்பாக்கி வைத்து வாத்து சுட்ட ஆட்டம், அதன் ஒலியும் இவருடையது. ரெக்கிங் க்ரூ, மெட்ராய்டு, கிட் இகாரஸ், டாக்டர் மரியோ, கேம் பாய் டெட்ரிஸ், சூப்பர் மரியோ லேண்ட் என்று போய்க்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் டிவி கேம் இருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இவர் வேலையைக் கேட்டிருப்போம். பெயர்தான் தெரியாது.

என் கேள்வி இதுதான். இவரை இசையமைப்பாளர் என்று சொல்வதா, நிரலாளர் என்று சொல்வதா? தேடிய இடத்தில் எல்லாம் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஒலி நிரலாளர் காலையில் அலுவலகம் போய் உட்கார்ந்தால் என்னதான் செய்வார்?

முக்கோணஅலை | கோவை

கேசட்டுப்பெட்டி அண்ணா, நல்ல கேள்வி. பகலில் எம்பெடட் வேலை (இயந்திரங்களுக்குள் இருக்கும் சிப்களுக்கு நிரல் எழுதுவது), இரவில் இந்தப் பழைய கருவிக்கு நானே சின்னச் சின்ன ஆட்டம் எழுதுவது என்று நாலு வருஷமாக ஓடுகிறது. அதனால் அந்த மேசையில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

1983 ஜூலையில் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம்தான் நம் டிவி கேமுக்கு மூலம். அதன் மூளை ரிக்கோ நிறுவனம் செய்த 2ஏ03 சிப். 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம், நினைவகம் 2 கிலோபைட். ஒலிக்கென்று தனி சிப் கிடையாது, அந்த ஒரே சிப்புக்குள் ஐந்து சேனல், அதாவது ஐந்து ஒலிப் பாதை. இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள் (பதிவு செய்த சத்தம்). மெட்டு சதுர அலையில் போகும், பேஸ் முக்கோணத்தில், தாளம் இரைச்சலில். சாம்பிள் சேனலில் நிஜ ட்ரம் சத்தம் போடலாம், ஆனால் அதிகபட்ச வேகத்தில் ஒரு விநாடிக்கு 4 கிலோபைட் தின்றுவிடும். பலூன் ஃபைட் கேசட்டில் நிரலுக்கு மொத்த இடமே 16 கிலோபைட். ஆட்டம், எதிரிகள், மெட்டு, சிறகடிக்கும் சத்தம் எல்லாம் அதற்குள். அதில் ட்ரம் வைக்க எங்கே போவது?

இப்போது "பாட்டு" என்றால் என்ன என்று பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வேண்டுமென்றால் சதுர அலை சேனலுக்கு 253 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒலி அளவுக்கு 0 முதல் 15 வரை ஒரு எண். அலையின் வடிவத்துக்கு நாலு தேர்வு. டிவி படம் ஒருமுறை வரையப்படும்போது, அதாவது விநாடிக்கு 60 தடவை, ஒரு சின்ன நிரல் எழுந்து "இந்த ஸ்வரத்துக்கு இன்னும் எத்தனை துடிப்பு பாக்கி?" என்று பார்க்கும். முடிந்திருந்தால் அடுத்த பைட்டைப் படிக்கும். அந்தச் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பியானோவில் வாசித்துக் காட்டினால் கருவி கேட்டுக்கொள்ளாது. எல்லாவற்றையும் எண்ணாக்கி உள்ளே தட்ட வேண்டும். ஒலி நிரலாளர் என்பவர் அந்த டிரைவரை எழுதியவர். பல இடங்களில் எண்ணைத் தட்டியவரும் அவரே, மெட்டை யோசித்தவரும் அவரே.

நான் முதன்முதலில் எழுதிய டிரைவரில் நடந்ததைச் சொல்கிறேன். நீண்ட ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கமகம் மாதிரி அசைவு கொடுக்கலாம் என்று 253-ஐச் சுற்றி நாலு எண் மேலும் கீழும் ஆட விட்டேன். டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். மூன்று நாள் தூக்கம் போனது. காரணம் இதுதான்: அந்த எண் 255-க்குள் இருக்கும்வரை ஒரு பதிவகம் (சிப்புக்குள் எண்ணை எழுதும் இடம்) போதும். 256-ஐத் தொட்டால் 4003 என்ற இன்னொரு பதிவகத்திலும் எழுத வேண்டும். அதில் எழுதியவுடன் சிப் அலையை முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த வெட்டுதான் டிக். 253 என்பது வரப்பின் ஓரத்தில் நிற்கிற எண், கொஞ்சம் ஆடினாலும் அடுத்த வயலில் கால் போய்விடும். அசைவின் அளவைக் குறைத்துத்தான் சரி செய்தேன். அந்தக் கால ஆட்கள் கையேட்டில் நாலு வரியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் காதால் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நெல்லை மெக்கானிக் | திருநெல்வேலி

தங்கச்சி அருமையாச் சொல்லிட்டீங்க. நான் முப்பத்தஞ்சு வருசமா டிவி, ரேடியோ சர்வீஸ் பாக்கேன். கம்ப்யூட்டர் நிரல் எனக்குத் தெரியாது. சர்க்யூட் தெரியும். அந்தப் பக்கம் இருந்து ஒண்ணு சொல்லுதேன்.

தனாகா நின்டெண்டோவுக்குப் போன புதுசுல ஃபேமிகாம் இன்னும் வரல. காசு போட்டு ஆடுற பெரிய பெட்டிதான். 1981-ல வந்த டாங்கி காங் பெட்டியோட சர்க்யூட் படத்தை நான் பாத்திருக்கேன். பாட்டு வாசிக்கிறதுக்குத் தனியா ஒரு சின்ன ப்ராசஸர் உண்டு. அந்த மெட்டு யூகியோ கனேயோகா போட்டது. ஆனா அந்த மீசைக்காரன் நடக்குற சத்தம், குதிக்கிற சத்தம், கொரில்லா தரையில மிதிக்கிற சத்தம் மூணுக்கும் நிரலே கிடையாது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐசி வச்சு சத்தத்தையே சாலிடர் பண்ணிருக்காங்க. ப்ராசஸர் ஒரு கம்பியில "இப்போ"ன்னு ஒரு பல்ஸ் மட்டும் கொடுக்கும், மிச்சத்தை சர்க்யூட் பாத்துக்கும். அந்த ஒலி வேலைக்காரங்கள்ல தனாகாவும் ஒருத்தர்.

அதனால நிரலாளரா இசையமைப்பாளரான்னு கேட்டா, நான் மெக்கானிக்னு சொல்லுவேன். கெப்பாசிட்டரை மாத்தினா குதிக்கிற சத்தம் மாறும். அப்படித் தொடங்கின ஆளுக்கு சத்தம்னா என்னன்னு கை வழியாத் தெரியும்.

இன்னொண்ணு. தனாகாவுக்கு ஜமைக்கா நாட்டு ரெக்கே, டப் இசை மேல பெரிய பிரியமாம். டப் இசையைத் தொடங்கி வச்ச ஜமைக்காக்காரர் கிங் டப்பி யாருன்னு தெரியுமா? ரேடியோ ரிப்பேர்க்காரர். தானே ஆம்ப்ளிஃபயர் கட்டினவர். பாட்டுல இருந்து குரலை எடுத்துருவார், கிட்டாரை எடுத்துருவார், பேஸும் ட்ரம்மும் மட்டும் விட்டு எக்கோ போட்டு ஓட விடுவார். எடுக்க எடுக்க அழகு கூடும். என் தொழில்காரர் ஒருத்தர் அப்படி ஒரு இசையை உண்டாக்கினார்னு முதமுதல்ல படிச்ச அன்னைக்கு நான் கடையை சீக்கிரம் சாத்திட்டுப் போய் அதையே கேட்டுட்டு இருந்தேன்.

கேசட்டுப்பெட்டி | மதுரை

அண்ணாச்சி, இது எனக்குப் புதுசு. அப்படியானால் மெட்ராய்டில் அவர் செய்தது அந்த டப் பாதையிலிருந்து வந்ததுதானா? 1986-ல் மற்ற ஆட்டங்களில் எல்லாம் குதூகலமான மெட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, இவர் பல அறைகளில் மெட்டே இல்லாமல் விட்டிருக்கிறார். பின்னாளில் ஒரு பேட்டியில் இவர் சொன்னதன் சாரம்: இசை எது, ஆட்டத்தின் சத்தம் எது என்று ஆடுகிறவருக்குப் பிரித்துத் தெரியக் கூடாது, எல்லாமே ஒரு உயிருள்ள பொருளிலிருந்து வருவதுபோல இருக்க வேண்டும். வாயில் முணுமுணுக்கும்படியான மெட்டு கடைசியில், மதர் பிரெயின் என்ற கடைசி எதிரியை வென்ற பிறகுதான் வர வேண்டும் என்று திட்டமிட்டு வைத்திருந்தாராம்.

தாளக்கட்டு | திருச்சி

நான் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவன். மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெட்ராய்டு இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் மௌனத்தைப் புகழ்கிறார்கள். கருவியில் இருந்ததே நாலைந்து சேனல். அதிலும் குண்டு வெடித்தால் ஒரு சேனல் போய்விடும். அப்படிப்பட்ட கருவியில் வெற்றிடம் வருவது இயல்பு. கருவியின் குறையை நாம் பின்னால் வந்து கலைஞனின் நோக்கம் என்று சொல்கிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

அதே கருவியில் இங்கிலாந்தின் இசையமைப்பாளர் டிம் ஃபாலின் 1990-ல் சில்வர் சர்ஃபர் என்ற ஆட்டத்துக்குச் செய்ததைக் கேளுங்கள். ஒரே சேனலில் மூன்று ஸ்வரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றி மாற்றி அடித்து, காதுக்கு ஒரு முழு கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) கேட்கும்படி செய்திருப்பார். பிருகா ஓடும் மாதிரி ஓடும். தனியாகக் கேட்டாலும் கச்சேரி கேட்ட நிறைவு வரும். நிரலாளர் என்ற வகையில் அதுதான் பெரிய சாதனை என்பது என் கருத்து.

முக்கோணஅலை | கோவை

தாளக்கட்டு சார், நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சத்தம் மெட்டைத் தின்பது உண்மை. சூப்பர் மரியோவில் குதிக்கும்போது கவனித்துக் கேளுங்கள், ஒரு சதுர அலை சேனல் பாட்டை விட்டுவிட்டுக் குதிக்கப் போய்விடும். மெட்டு தேயாமல் இருக்க எந்தச் சத்தத்தை எந்தச் சேனலில் வைப்பது, எதற்கு முன்னுரிமை கொடுப்பது என்று முடிவு செய்வதே வேலையில் பாதி.

ஆனால் மெட்ராய்டில் இடம் போதாமல் மௌனம் வந்தது என்பதை ஏற்க முடியவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, மெட்ராய்டு முதலில் கேசட்டில் வரவில்லை. 1986 ஆகஸ்டில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு (கேசட்டுக்குப் பதில் டிஸ்க் போட்டு ஆடும் துணைக்கருவி) வந்தது. அந்த டிஸ்க் கருவியில் கூடுதலாக ஒரு ஒலிச் சேனல் உண்டு. அலையின் வடிவத்தை 64 புள்ளிகளாக நாமே வரைந்து கொடுக்கலாம். அதாவது அவர் கையில் மற்றவர்களைவிட ஒரு சேனல் அதிகம் இருந்தது. இருந்தும் காலியாக விட்டார். மறுவருஷம் அமெரிக்காவுக்குக் கேசட்டாகப் போனபோதுதான் அந்தச் சேனல் போனது.

இரண்டு, கிட் இகாரஸ். அதே 1986, டிசம்பரில் வந்தது. அதே டிஸ்க் சிஸ்டம், அதே ஆள். அதில் பட்டணத்துத் தேர்த் திருவிழா மாதிரி மெட்டு பளிச்சென்று இருக்கும், கூடவே வாயில் வரும். நாலே மாத இடைவெளியில் ஒரே கையிலிருந்து வந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மெட்டு வராமல் விட்டவர் இல்லை என்று தெரியும்.

ஃபாலின் பற்றி: எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் நிரலாளர் சாதனை என்றால் இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும். மான்செஸ்டர் சாஃப்ட்வேர் கிரியேஷன்ஸில் அவர் பயன்படுத்திய ஃபேமிகாம் டிரைவரை எழுதியவர் ஸ்டீஃபன் ரடி. மெட்டு ஒருவர், டிரைவர் ஒருவர். பாராட்டு மட்டும் ஒருவருக்கே போய்ச் சேருகிறது.

தாளக்கட்டு | திருச்சி

இரண்டாவது காரணம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. இன்று மாலை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கிட் இகாரஸ் மெட்டை உடனே கீபோர்டில் வாசித்துவிட்டேன். மெட்ராய்டின் உள் அறை ஒன்றை வாசிக்க முயன்றேன், கீபோர்டில் அது ஒன்றுமில்லாமல் போகிறது. ஆட்டத்துக்குள் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. நோக்கத்தோடு செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஆட்டத்தை அணைத்த பிறகும் நிற்கும் இசைதான் எனக்கு இசை. அதில் நான் ஃபாலின் பக்கமே.

ரடி பெயர் தெரியாமல் இருந்ததற்கு வருந்துகிறேன். குறித்துக்கொண்டேன்.

யாழ்நிலா | ரொறன்ரோ

பெயர் எண்ட கதை வந்ததால நானும் ஒண்டு சொல்லுறன்.

எனக்கு டிவி கேம் எல்லாம் தெரியாது. 95இல மாமா ஒரு கேம் பாய் வாங்கித் தந்தவர். அதோட டெட்ரிஸ். பள்ளிக்கூடம் போற பஸ்ஸில அரை மணித்தியாலம், வீட்ட வர அரை மணித்தியாலம். குளிரில விரல் விறைச்சாலும் விடமாட்டன். அந்த ரஷ்ய நாட்டுப்பாட்டை அதுக்குள்ள கொண்டு வந்தவரும், ஆட்டத்தில "பி" எண்டு தெரிவு செய்யிற பாட்டை இயற்றினவரும் இவர்தான் எண்டு இண்டைக்குத்தான் அறியுறன். ஸ்பீக்கரில கேட்டா ஒரு பக்கமாத்தான் கேக்கும், ஹெட்போன் போட்டா இடம் வலம் பிரிஞ்சு கேக்கும். அந்த ஒலிப் பகுதியின்ர வடிவமைப்பிலயும் இவற்ற கை இருக்கெண்டு வாசிச்சன். வாத்தியத்தைச் செய்தவரே அதில முதல் பாட்டையும் வாசிச்ச மாதிரி.

பெயர் விசயத்துக்கு வாறன். 1987இல கப்கொம் எண்ட ஜப்பான் கொம்பனி வெளியிட்ட மெகா மான் ஆட்டத்தின்ர கடைசியில பெயர்ப் பட்டியல் ஓடும். அதில இசை "சான்சகோரின் மனாமி". அவ மனாமி மட்சுமே. அதுக்கு மேல "ஒலி நிரலாளர்: யூகிச்சானின் அப்பா" எண்டு வரும். அவர் யோஷிஹிரோ சகாகுச்சி. எங்கட ஊரில மனிசிமார் புருசன்ர பேர் சொல்லாமல் "பிள்ளையின்ர அப்பா" எண்டு சொல்லுற மாதிரியே! முதல் தரம் பாத்த உடன சிரிச்சன். பிறகு காரணம் தெரிஞ்சு மனசு பாரமாப் போச்சு. திறமையான ஆக்களை மற்றக் கொம்பனி இழுத்துக்கொண்டு போயிடும் எண்ட பயத்தில சொந்தப் பெயர் போட விடுறதில்லையாம். உலகம் முழுக்கப் பிள்ளையள் முணுமுணுத்த பாட்டு, செய்த ஆளின்ர பெயர் பட்டப்பெயருக்குப் பின்னால.

சூப்பர் மரியோ பிரதர்ஸில அந்தப் பெயர்ப் பட்டியலே இல்லை. அதுக்கு இசை போட்ட கோஜி கொண்டோவின்ர பெயர் பிறகுதான் வெளிய தெரிஞ்சது. அந்த வகையில மெட்ராய்டு முடிவில "ஹிப் தனாகா" எண்டாவது வருது.

கேசட்டுப்பெட்டி | மதுரை

அக்கா, நீங்கள் சொன்ன கொண்டோவை வைத்து யோசித்தால் எனக்கு ஒரு காலக்கோடு தெரிகிறது. தனாகா 1980-ல் பொறியாளராக வருகிறார். கொண்டோ 1984-ல் வரும்போது இசை போடவே ஆள் எடுக்கிறார்கள். நாலே வருஷத்தில் வேலை பிரிய ஆரம்பித்துவிட்டது. 1990-ல் அடுத்த கருவியான சூப்பர் ஃபேமிகாம் வந்தபோது அதன் ஒலிப் பகுதியை வடிவமைத்தவர் சோனியின் கென் குதராகி. எட்டு சேனல், 64 கிலோபைட் தனி நினைவகம், நிஜ வாத்தியங்களின் சாம்பிள். தனாகா அதிலும் 1994-ல் மதர் 2 என்ற ஆட்டத்துக்கு இசை செய்தார், கெய்ச்சி சுசூகியோடு சேர்ந்து. முதல் மதர் 1989-ல் ஃபேமிகாமில், அதுவும் இவர்கள் இருவரும்தான்.

பிறகு அவர் போன பாதைதான் எனக்கு ஆச்சரியம். 1998-ல் வந்த கேம் பாய் கேமராவில் இவர் வேலை செய்திருக்கிறார். படம் எடுக்கிற கருவிக்குள்ளே பாட்டு கட்டுகிற சின்னப் பகுதி ஒன்று இருக்கும். 1997-ல் தொடங்கிய போகிமான் தொலைக்காட்சித் தொடரின் ஜப்பானிய முதல் பாட்டுக்கும் இசை இவர். அப்புறம் நின்டெண்டோவை விட்டு கிரியேச்சர்ஸ் நிறுவனத்துக்குப் போய் 2001-ல் அதன் தலைவர் ஆனார். போகிமான் அட்டைகள் செய்கிற நிறுவனம். சாலிடரிங் அயர்னில் தொடங்கி நிறுவனத் தலைவர் நாற்காலி வரைக்கும். அதோடு நிற்கவில்லை. 2017-ல், கிட்டத்தட்ட 60 வயதில், சிப் தனாகா என்ற பெயரில் ஜாங்கோ என்று தனி ஆல்பம் போட்டிருக்கிறார். மேடையில் நின்று வாசிக்கிறார்.

இரண்டாமாண்டு | சென்னை

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல். கேம்களுக்கு ஒலி செய்யும் வேலைக்குப் போக ஆசை. வீட்டில் "அப்படி ஒரு வேலை இருக்கா?" என்று கேட்கிறார்கள். இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், டாங்கி காங் சர்க்யூட் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். அவர் எலக்ட்ரீஷியன்.

என் கேள்வி: இப்போது கேமில் ஒலியைச் சேர்க்க எஃப்மாட், வைஸ் மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன. சேனல் கணக்கே கிடையாது. இந்த 253, 256 எல்லாம் கற்றுக்கொண்டு எனக்கு என்ன பயன்?

முக்கோணஅலை | கோவை

தம்பி, வேலைக்கு அந்த மென்பொருள்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நேர்முகத்தில் 4003 பதிவகத்தைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் ஒரு பயிற்சி சொல்கிறேன், இரண்டு வாரம் செய்து பார். ஃபேமிட்ராக்கர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஃபேமிகாம் சேனல்கள் அப்படியே இருக்கும். முதல் வாரம் 20 விநாடிக்கு ஒரு மெட்டு போடு. எதிரொலி வேண்டுமென்றால் இரண்டாவது சதுர அலையில் அதே மெட்டைக் கொஞ்சம் தாமதித்து, ஒலி அளவைக் குறைத்து ஓட விடு. முக்கோண அலைக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது, ஒன்று ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. அதன் ஸ்வரத்தைச் சட்டென்று கீழே சறுக்கி விட்டால் மிருதங்கத்தின் தொப்பியைத் தட்டின மாதிரி ஒரு அடி கிடைக்கும். இரைச்சல் சேனலில் குறுகிய வகை ஒன்று உண்டு, 93 படியில் திரும்பத் திரும்ப ஓடும், தகரம் அதிர்கிற மாதிரி கேட்கும்.

இரண்டாவது வாரம், யாராவது ஆட்டம் ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு விநாடிக்கு ஒருமுறை முதல் சேனலைப் பிடுங்கிவிடு. மெட்டு செத்துப்போகும். எந்த ஸ்வரத்தை எங்கே நகர்த்தினால் அது பிழைக்கிறது என்று பார். நான் இதை முதலில் செய்தபோது என் மெட்டில் பாதி ஸ்வரங்கள் தேவையே இல்லை என்று தெரிந்தது. இப்போது அலுவலகத்தில் காபி இயந்திரத்துக்கு ஒரு பீப் சத்தம் வைப்பதென்றாலும் அந்தக் கணக்குதான் எனக்குள் ஓடுகிறது.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

நெல்லை மெக்கானிக் | திருநெல்வேலி

இரண்டு நாளா வேற ஒரு வேலையில இருந்தேன், அதான் பதில் போடல. கேசட்டுப்பெட்டி தம்பி பலூன் ஃபைட் பத்தி எழுதினதுல இருந்து ஒரு சந்தேகம் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் அந்தக் காலத்துல ரிப்பேர் பாத்த டிவி கேமுல எல்லாம் அந்தப் பாட்டு நிதானமா ஓடும். இப்போ போன்ல கேட்டா விரட்டுது.

கடைப் பரண்ல இருந்து ஒரு பழைய செட்டை எடுத்தேன். அடாப்டர் போயிருந்துச்சு, மாத்தினேன். ரெகுலேட்டர் சூடாச்சு, அதையும் மாத்தினேன். போர்டுல சிப்போட வேகத்தைத் தீர்மானிக்கிற கிரிஸ்டலைப் பாத்தா 26.6 மெகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. நம்ம ஊரு டிவிக்கு ஏத்த பால் (PAL) வகை நகல் சிப். படம் விநாடிக்கு 50 தடவை. ஜப்பான் செட்டுல 60.

முக்கோணஅலை தங்கச்சி சொன்னாங்கல்லா, படம் ஒருதடவை வரையும்போதெல்லாம் அந்தச் சின்ன நிரல் எழும்பும்னு. அப்போ நம்ம செட்டுல அது 50 தடவைதான் எழும்புது. பாட்டு ஆறுல அஞ்சு பங்கு வேகத்துல ஓடணும். கைக்கடிகாரத்தை வச்சுப் பாத்தேன். போன்ல 60-ஆவது விநாடியில வர்ற இடம், என் செட்டுல 72-ல வந்துச்சு. கணக்கு அச்சுப்பிசகாம நிக்குது.

முக்கோணஅலை | கோவை

அண்ணாச்சி! எனக்கு இப்போது கை நடுங்குகிறது. இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 26.6-ஐப் பதினைந்தால் வகுத்தால் 1.773 மெகாஹெர்ட்ஸ். மூலக் கருவியின் 1.79-க்கு மிக அருகில். அதனால் சுருதி அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இறங்கும், யார் காதிலும் விழாது. காலம் மட்டும் தளரும். விளம்ப காலத்தில் பாடின மாதிரி. ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற கருவியின் சிப் 1.66 மெகாஹெர்ட்ஸில் ஓடியதால் அங்கே வேகத்தோடு சுருதியும் சேர்ந்து இறங்கும்.

அதோடு பல நகல் சிப்களில் சதுர அலையின் நாலு வடிவங்களில் இரண்டு இடம் மாறியிருக்கும். 25 சதவீத அலை கேட்டால் 50 வரும், 50 கேட்டால் 25 வரும். மூக்கால் பாட வேண்டிய இடத்தில் குழல் மாதிரியும், குழல் இடத்தில் மூக்காலும் பாடும். அந்த மாதிரி சிப் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் காதில் தனாகா மெட்டின் நிறமே வேறு.

அலை அளவிடும் கருவி வைத்திருந்தால் உங்கள் செட் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

நெல்லை மெக்கானிக் | திருநெல்வேலி

ஆஸிலோஸ்கோப் இருக்கு, பழைய 20 மெகாஹெர்ட்ஸ் செட்டு. இன்னைக்கு சாயங்காலம் வச்சுப் பாத்தேன். மாறித்தான் இருக்கு. மெல்லிசா நிக்க வேண்டிய அலை பாதிக்குப் பாதி அகலமா நிக்குது. திரையைப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பையன் வந்தா ஏத்தச் சொல்லுதேன்.

கேசட்டுப்பெட்டி | மதுரை

இத்தனை வருஷமாக யூடியூபில் அந்த மெட்டைக் கேட்கும்போதெல்லாம் "இது இல்லையே, இதைவிட நன்றாக இருக்குமே" என்று தோன்றும். வயதாகிவிட்டதால் என்று விட்டுவிட்டேன். என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அண்ணாச்சி, சனிக்கிழமை திருநெல்வேலி வருகிறேன். மஞ்சள் கேசட் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. உங்கள் செட்டில் போட்டுப் பதிவு செய்யலாமா?

நெல்லை மெக்கானிக் | திருநெல்வேலி

தாராளமா வாங்க தம்பி. காலையில பத்து மணிக்குக் கடை திறந்துருவேன். கேசட்டை எடுத்ததும் பழைய பழக்கத்துல வாயால ஊதிராதீங்க, எச்சில் ஈரம் பட்டா பின் பச்சை பூத்துரும். அப்படியே தாள்ல சுத்திக் கொண்டாங்க, நான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத் தாரேன். இரண்டாமாண்டு தம்பியும் அப்பாவும் இந்தப் பக்கம் வந்தா அவங்களுக்கும் சர்க்யூட் படம் எடுத்து வைக்கேன்.